கெட்டிமேளத்துக்குப் பன்னிரண்டு ஒட்டு

கும்பகோணத்தில் நான் விழாத தெரு இல்லை. தடுக்கி விழுந்ததில்லை, மயங்கியும் விழுந்ததில்லை. எதிர்பாராமல் ஒரு சத்தம் கேட்டால் உடம்பு முழுவதும் விறைத்துப்போய், கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் அப்படியே சாய்ந்துவிடுவேன். பக்கத்தில் யாராவது தும்மினால் போதும். குக்கர் விசிலடித்தால் போதும். இருபது வினாடியில் விறைப்பு விடும். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போகிற வேலையைப் பார்ப்பேன்.

ஊரார் இதை வலிப்பு என்றார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நான் விழுந்ததும் நாலு பேர் ஓடிவந்து சாவிக்கொத்தை என் கையில் திணிப்பார்கள். எனக்கு நினைவு தப்புவதே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. "பாவம், இதை யாரு கட்டிக்குவா" என்பதில் தொடங்கி, அடுத்த தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை என் தலைமாட்டில் நின்றே பேசித் தீர்ப்பார்கள். நான் எழுந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கலைந்துவிடுவார்கள். சாவியைத் திருப்பிக் கேட்கக் கூச்சம். எங்கள் வீட்டில் பதினேழு சாவிக்கொத்து சேர்ந்துவிட்டது. அதில் ஒன்று லாரி சாவி. அந்த ஓட்டுநர் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தாரோ தெரியவில்லை.

என் பெயர் செங்கமலம். நெல் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஈரத் துணியில் நூறு விதையைப் பரப்பி, எத்தனை முளைத்தது என்று எண்ணுவேன். முளைக்கிற விதையிடம் ஒரு நல்ல குணம், அது சத்தம் போடாது.

இருபத்திரண்டு வயதில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது, பாதி வரைக்கும். தட்டு மாற்றும்போது கெட்டிமேளம் கொட்டினார்கள். பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஒன்பது தட்டுகளின் மேலேயே நான் நீட்டி நிமிர்ந்து விழுந்தேன். ஒரு மாதுளம்பழம் வாசலை நோக்கி உருண்டு போனதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அதன் பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டாரும் வரிசையாக வெளியேறினார்கள். வலிப்புக்காரிப் பெண்ணை மறைத்துக் கட்டப் பார்த்தார்கள் என்று எங்கள் அப்பாவுக்குக் கெட்ட பெயர்.

அடுத்த மாதம்தான் டாக்டர் ஜுனைதாவைப் பார்த்தேன். அதற்குமுன் ஒன்பது வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தேன். அந்த மாத்திரையால் விழுவது குறையவில்லை, எந்நேரமும் தூக்கம்தான் வந்தது. டாக்டர் என் மூக்கு நுனியை விரலால் லேசாகத் தட்டினார். என் தலை வெடுக்கென்று பின்னால் போனது. மறுபடி தட்டினார், மறுபடி போனது. பத்துத் தடவை தட்டியும் என் தலை சலிக்கவே இல்லை. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. என் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

"இது வலிப்பே இல்லம்மா. வலிப்புங்கிறது மூளையில வர்ற கோளாறு. உன் மூளை நல்லாத்தான் இருக்கு, உனக்கு பிரேக்தான் சரியில்ல," என்றார்.

எந்த பிரேக் என்று கேட்டேன்.

"தண்டுவடத்துல இருக்கு. சத்தம் கேட்டா எல்லாருக்கும்தான் உடம்பு துள்ளும். துள்ளின உடனே 'போதும், அடங்கு'ன்னு தசைக்குச் சொல்றதுக்கு கிளைசின்னு ஒரு சின்னப் பொருள் இருக்கு. அது போய் உட்கார ஒரு ஏற்பி இருக்கு. கிளைசின் வந்து உட்கார்ந்தா ஏற்பி திறக்கணும், தசை அடங்கணும். உன் ஏற்பி பிறவியிலேயே சரியாத் திறக்க மாட்டேங்குது. எட்டிக்கொட்டை விஷம் தின்னவங்க விறைச்சுத்தான் சாவாங்க, கேள்விப்பட்டிருக்கியா? அந்த விஷம் இதே ஏற்பியைத்தான் அடைக்குது."

அப்படியானால் நான் எட்டிக்காயைத் தின்னாமலே தின்றவளா என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் நீ சாகப்போவதில்லை என்றார். இருக்கிற மருந்தெல்லாம் வேறொரு பிரேக்கைப் பிடித்துச் சமாளிக்கிற மருந்து, அதனால்தான் தூக்கம் வருகிறது. இந்த ஏற்பியையே திறக்க வைக்கிற மருந்து ஒன்று ஆராய்ச்சியில் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்றார். ஒன்பது வருடம் பொறுத்தவளுக்கு இன்னும் இரண்டு வருடம் பெரிதில்லை.

அந்த மருந்துதான் நிதானி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வெள்ளி நிற ஒட்டு, ஒரு பொட்டு அகலம், ஒரு வாரம் வரும். முதல் ஒட்டு ஒட்டிய அன்று அம்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று அண்டாவைத் தரையில் போட்டாள். நான் திரும்பி "என்னம்மா?" என்றேன். அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஆசை யாரை விட்டது, ஒன்று இவ்வளவு நல்லது செய்தால் இரண்டு என்ன செய்யும் என்று அடுத்த வாரம் இரண்டு ஒட்டிப் பார்த்தேன். சாம்பாரில் ஊறிய அப்பளம் மாதிரி ஆகிவிட்டேன். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, தாடை தொங்கியது, தம்பிதான் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தான். பிரேக்கை அளவோடு பிடிக்க வேண்டும் என்று டாக்டர் போனில் அரைமணி நேரம் திட்டினார்.

நிதானி எங்களைப் போன்ற நானூறு குடும்பங்களுக்காகச் செய்த மருந்து. அது அப்படியே இருந்திருக்கலாம். ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் பவுன்சருக்குக் கண் சிமிட்டாமல் நின்றதும், அவர் காதுக்குப் பின்னால் வெள்ளிப் பொட்டு மின்னியதும் உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? எங்கள் ஒட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு வீரியத்தில் 'நிதானி துளி' என்று ஒரு குட்டி ஒட்டைக் கொண்டுவந்தான். முதலில் ஓட்டுநர்கள், பிறகு பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், பிறகு மாமியார் வீட்டுக்குப் போகிற மருமகள்கள். ஐந்தே வருடத்தில் ஊரில் பெரியவர்கள் ஒருவர் காதும் வெறுமையாக இல்லை. கூட்டம் தாங்காமல், ஆளுக்கு வாரம் ஒன்று, திங்கட்கிழமை கவுண்டரில் முகம் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

யாரும் திடுக்கிடாத ஊர் எப்படி இருக்கும் தெரியுமா? பேய்ப் படம் ஓடுகிற தியேட்டரில் முறுக்கு கடிக்கிற சத்தம்தான் கேட்கும். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து குழந்தைகள் "பே" என்று குதித்தால், "சாப்பிட்டியா?" என்பார்கள். ஹாரன் அடித்தால் யாரும் விலகவில்லை என்று ஹாரனை இரட்டிப்பாக்கினார்கள். பள்ளிக்கூட மணி, பட்டாசு, கோயில் வேட்டு எல்லாம் அதைப் பார்த்து வளர்ந்தன. எங்களுக்காக வந்த மருந்து எங்களுக்கான உலகத்தைத்தான் இன்னும் சத்தமாக்கியது. எனக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது கோபம் வரும். பிறகு விதை எண்ணப் போய்விடுவேன்.

நீலமேகத்தைச் சந்தித்ததும் ஒரு ஹாரனால்தான். பஸ் பணிமனையில் மின் வேலை பார்ப்பவர். ஒரு திங்கட்கிழமை, பழைய ஒட்டு தீர்ந்து புது ஒட்டு வாங்க நான் போய்க்கொண்டிருந்தபோது, புது ஹாரனைச் சோதிக்கிறேன் என்று வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறி அழுத்திவிட்டார். பணிமனை வாசலில் நான் விழுந்தேன். மற்றவர்கள் சாவியைத் தேடினார்கள். அவர் சாவியும் தரவில்லை, சோடாவும் தெளிக்கவில்லை. ஒரு குடையை விரித்து என் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். நான் எழுந்ததும் அந்த ஹாரனைக் கழற்றி என் கையில் கொடுத்து, இதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார். அதற்காக அவருக்கு மெமோ வந்தது. எட்டு மாதத்தில் கல்யாணப் பேச்சும் வந்தது.

சத்தமே வேண்டாம், பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொள்வோம் என்று அவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டிமேளம் எதற்காக? தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மலோ, ஒரு அபசகுனப் பேச்சோ காதில் விழக்கூடாது என்று எல்லாச் சத்தத்தையும் மூடுகிற சத்தம் அது. ஒரு முறை அதன் முன்னால் விழுந்து, அப்பா தலைகுனிய நின்றதைப் பார்த்தவள் நான். இந்த முறை அது முழங்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் எனக்கு. அதற்குமேல் அந்தக் கல்யாணத்தில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

"அப்ப கெட்டிமேளம்தான்," என்றார் நீலமேகம். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம் குறித்தார்கள்.

சித்திரையிலேயே கம்பெனி கையை விரித்துவிட்டது. நானூறு குடும்பத்துக்காகத் தனியாக ஒரு எந்திரத்தை ஓட்டுவது கட்டுப்படியாகவில்லையாம். இனிமேல் துளி மட்டும்தானாம். டாக்டர் ஜுனைதா வழக்குப் போட்டுவிட்டு சென்னைக்கும் தஞ்சாவூருக்குமாக அலைந்தார். என் கையிருப்பைக் கணக்குப் பார்த்தோம். கடைசி ஒட்டு கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்துவிடும் என்று தெரிந்தது.

ஐந்து நாள் சமாளிக்க முடியாதா என்று கேட்டேன்.

"முடியாது. இவ்வளவு நாள் மருந்து பிரேக்கைப் பிடிச்சிருக்கா, உடம்பு தன் பிரேக்கைத் தளர விட்டிருக்கும். திடீர்னு மருந்தை நிறுத்தினா முன்னைவிட மோசமாத் துள்ளும். அஞ்சாவது நாள்தான் உச்சம். உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா உனக்கு அஞ்சாவது நாள் வெள்ளிக்கிழமை," என்றார் டாக்டர்.

வழி ஒன்றுதான். பன்னிரண்டு துளி சேர்ந்தால் எங்கள் ஒட்டு ஒன்று. முன்கூட்டிச் சேர்த்து வைத்தால் வீரியம் போய்விடும், அதனால் அந்தத் திங்கட்கிழமை மாலைக்குள் பன்னிரண்டு வேண்டும். என்னுடையது ஒன்று, அப்பா, அம்மா, தம்பி, நீலமேகம் ஆகியோர் அந்த வாரப் பங்கைத் தருவதாகச் சொன்னார்கள். ஐந்து ஆயிற்று. மீதி ஏழுக்கு யாரிடம் போய்க் கையேந்துவது என்று நான் கூசினேன். அம்மாவிடம், வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அம்மா சத்தியத்தைக் காப்பாற்றினாள். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் ஒன்பது பேரிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கவுண்டர் திறந்தது. பன்னிரண்டு மணிக்கு முதல் ஒட்டு வந்தது, மிக்சர் பொட்டலத்துக்குள். ஜன்னல் கம்பியில் ஒன்று செருகியிருந்தது. கதம்பச் சரத்துக்குள் இரண்டு. தேங்காய் மூட்டையில் வாழை நாரால் கட்டி நாலு. இரண்டு மணிக்கெல்லாம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அம்மா என்னை உட்கார வைத்து இரண்டு காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஒட்டினாள். பூ வைத்தால் தெரியாது என்றாள். நான் நிம்மதியாக ஒரு தம்ளர் காபி குடித்தேன். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. சமையல்காரர் அனுப்பிய வெல்ல மூட்டையில் பதினொன்று. பணிமனையிலிருந்து ஒரு டிபன் கேரியர், திறந்தால் நாலு அடுக்கிலும் ஒட்டு. இரவு எண்ணிப் பார்த்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு.

என் கையில் சாவியைத் திணித்த அதே ஊர்தான் இது. தலைமாட்டில் நின்று என் தலையெழுத்தைப் பேசியவர்கள்தான் யாருக்கும் தெரியாமல் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொருவரும் தாம் ஒருவர்தான் கொடுக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். ஊரைப் பற்றி நான் மனசுக்குள் வைத்திருந்த ஏச்செல்லாம் அன்றைக்கு இடம் தெரியாமல் போயிற்று.

மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் புறப்பட்டேன். பூக்கடை ரஞ்சிதம் அக்கா, தான் எதுவும் கொடுக்கவில்லை என்று சாதித்தாள். அவள் காதுக்குப் பின்னால் வெறுமையாக இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். "சீராக் குடுத்ததைக் கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பினா ஆகாதுடி. வெள்ளிக்கிழமை தாலி ஏறட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்று என்னை விரட்டிவிட்டாள். போன இடமெல்லாம் அதே பேச்சு. சீரைத் திருப்பியனுப்பினால் அபசகுனம் என்பதில் ஊரே ஒரு கட்சி. ஒரு வாரம் ஒட்டாவிட்டால் குடியா முழுகிவிடும், இது சும்மா ஒரு மிடுக்குக்குப் போடுவதுதானே என்றார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நிதானி துளியை யாரும் ஒரு நாள்கூட நிறுத்திப் பார்த்ததில்லை.

புதன்கிழமை டாக்டர் போன் செய்தார். பன்னிரண்டும் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். சரியாகப் பன்னிரண்டு, பதிமூன்றாவதைத் தொட்டால் மணமேடையில் கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பாய் என்று எச்சரித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று நான் சொல்லவில்லை. ஊரே எனக்குக் கொடுத்தது என்பதை நேரில் சொல்லி அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். விதை எண்ணுகிறவளுக்கு அந்த எண்ணிக்கை எதைச் சொல்கிறது என்று தோன்றவே இல்லை. கல்யாணக் களையில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முந்நூறு பேர் இருக்கும், பள்ளிக்கூட நாள் என்பதால் எல்லோரும் பெரியவர்கள். காலைப் பந்தியிலேயே ஏதோ சரியில்லை. பரிமாறுகிற பையன் கரண்டியை வாளிக்குள் போட்ட சத்தத்துக்கு ஒரு வரிசையே எகிறி, மூன்று பேர் இலையில் காபி கொட்டியது. பணிமனை மேலாளர் தன் போன் அடித்ததற்கே துள்ளி, போனைப் பாயசத்தில் போட்டார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டார்கள். எனக்காகப் பதற்றமாக இருக்கிறார்கள் என்று நினைத்து நான் உருகிப்போனேன்.

மணையில் உட்கார்ந்தேன். நீலமேகம் பக்கத்தில் வியர்த்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் பூங்கோதை பின்னால் நின்றாள். எங்கள் வழக்கத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது. இடதுபக்கம் மாசிலாமணி குழுவின் ஆறு தவில், நாலு நாதஸ்வரம், அவர்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி. மற்றக் கல்யாணங்களில் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பதற்கே இவ்வளவு வைக்க வேண்டியிருந்தது. அட்சதைத் தட்டு போய் வந்தது. தாலியை முந்நூறு பேரும் தொட்டுக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் டாக்டர் ஜுனைதா வாசலில் நுழைந்தார். சென்னை பஸ் தாமதம் போலிருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் பிடரியைப் பார்த்தார். அடுத்த வரிசையைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டு நடுவழியில் ஓடிவந்தார். என்ன பிரியம் இந்த டாக்டருக்கு என்று நானும் சிரித்தபடி கை ஆட்டினேன். அதற்குள் நீலமேகத்தின் கைகள் தாலியோடு என் கழுத்தைச் சுற்றி வந்துவிட்டன. ஐயர் விரலை உயர்த்தினார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

ஆறு தவிலும் ஒன்றாக இடித்தன. தரை அதிர்ந்தது. என் நெஞ்சு ஒரு முறை கூடுதலாக அடித்தது, அவ்வளவுதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடக்கூட இல்லை. ஏழு வருடம் காத்திருந்த சந்தோஷம் உடம்பெல்லாம் ஏறியது. முதல் வரிசையில் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று திரும்பினேன்.

அப்பா நாற்காலியில் பலகை போல விறைத்திருந்தார். கால் இரண்டும் நேராக நீட்டியிருந்தன. அம்மா அட்சதைக் கையை உயர்த்தியபடி நின்றிருந்தாள், அரிசி கையை விட்டு விழவில்லை. முந்நூறு பேரும் அப்படியே. நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கட்டு வைத்த கதிர் போலச் சாய்ந்திருந்தார்கள். ஐயரின் விரல் மேலேயே நின்றது. தான் எழுப்புகிற சத்தத்துக்கு யாரும் திடுக்கிடுவதில்லை, அதனால் மேளக்காரர்கள் மட்டும் தப்பினார்கள். மாசிலாமணி தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தார். அவர் கை தானாக நின்றுவிட்டது. மற்றவர்களும் நிறுத்தினார்கள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல," என்றார் டாக்டர், மூச்சிரைக்க. அவர் எந்நாளும் ஒட்டு போட்டவரில்லை. நாலைந்து பேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் தானாக விட்டுவிடும் என்றார். பிறகு, எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அடுத்த வாரம் அவர் வழக்கில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் எந்திரம் மறுபடி ஓடியது அதனால்தான்.

அந்த நேரத்தில் எனக்கு வழக்கு நினைவில் இல்லை. நீலமேகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் விறைத்திருந்தார். அவர் கைகள் என் கழுத்துக்குப் பின்னால், கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி. கண் மட்டும் என்னையே பார்த்தது. அந்தக் கண்ணில் இருந்த பயத்தை உலகத்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. மேளம் நின்றால் அபசகுனம். மண்டபத்தில் கை கால் இளகிய ஒரே உறவுக்காரி கல்யாணப் பெண்தான்.

"மாசிலாமணி அண்ணே, நிறுத்தாதீங்க. மெதுவா ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க," என்றேன்.

அவருக்கு அந்த வழக்கம் இல்லை. கெட்டிமேளத்தை மெதுவாகத் தொடங்குவது என்பது கேள்விப்படாத விஷயம். ஆனாலும் விரல் நுனியால் தவிலைத் தொட்டார். முதலில் தூறல் போல வந்தது. நாதஸ்வரம் ஒன்று அடித்தொண்டையில் சேர்ந்துகொண்டது.

நான் நீலமேகத்தின் காதருகே குனிந்தேன்.

"பயப்படாதீங்க. இது தானா விட்டுடும். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருங்க. நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். விடுற வரைக்கும் நான் இப்படியே பக்கத்துல இருக்கேன்."

ஐயரின் மைக் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. நான் சொன்னது மண்டபம் முழுவதும் கேட்டது. முந்நூறு ஜோடிக் கண்கள் விறைத்த முகங்களுக்குள்ளிருந்து என் பக்கம் திரும்பின. அம்மாவின் கன்னத்தில் நீர் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை. இந்த நாலு வார்த்தைக்காகத்தான் நான் இருபத்தொன்பது வருடம் தெருத் தெருவாக ஏங்கிக் கிடந்திருக்கிறேன் என்பது, அதை என் வாயாலேயே சொல்லும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் அவர் விரல்களைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தன. விரலோடு விரலாகக் கயிற்றைச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டேன். பூங்கோதையின் கை அந்தரத்தில் நின்றுவிட்டதால் அவளுக்காக இரண்டாவதையும் நானே போட்டேன். தவில் ஏறிக்கொண்டே வந்தது. யாரும் துள்ளவில்லை. சத்தம் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவராக இளகினார்கள், அம்மா கையிலிருந்து அட்சதை பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்றாவது முடிச்சுக்குக் கயிற்றை வளைத்தேன். என் கைக்குள் அவர் சுண்டுவிரல் அசைந்தது.

"மூணாவதையாவது எனக்கு விடு," என்றார் நீலமேகம்.

விட்டேன்.